ஒன்பது கறிவேப்பிலைக் கன்றுகள்

"பிடுங்கு" என்ற சொல்லுக்கு உங்களுக்கு எத்தனை அர்த்தம் தெரியும்?

ஒன்று என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மண்ணில் நிற்பதை வேரோடு இழுத்து வெளியே போடுவது, அவ்வளவுதானே. ஆனால் 1927-ஆம் வருஷம் ஒரு புதன்கிழமை எங்கள் சின்னதுரை என்னைக் கூப்பிட்டு, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தனிக் காகிதம் போட்டு, ஜனங்கள் அதை எப்படியெல்லாம் பேசுகிறார்கள் என்று எழுதிவரச் சொன்னார். திங்கட்கிழமை காலை வேண்டும் என்றார். அதற்குள் காகிதத்தின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. அந்த ஐந்து நாளில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் நடந்த ஒரு காரியம் மட்டும் அந்தக் காகிதத்தில் ஏறவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் செடெனாக் ரயில் நிலையத்திலிருந்து நாலு மைல் உள்ளே. முழுக்க ரப்பர். பால் நிறுக்கும் கொட்டகையில் பேர் கூப்பிட்டு அளவு எழுதுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு. மற்றதெல்லாம் கடையில் உப்பும் மிளகாயும் கட்டித் தருகிற பழைய பத்திரிகைத் துண்டுகளைப் பிரித்து, நீவி, வாசித்துக் கற்றது. ஊரைவிட்டுக் கப்பலேறி வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. குடும்பம் இல்லை. லயத்தின் கடைசி அறையில் தனியாக இருந்தேன். மாலையில் பேச ஆள் கிடையாது என்பதால், யார் எங்கே பேசிக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் போய் நின்று கேட்பேன். சபாபதி காதைக் கழற்றிக் கொடிக்கம்பியில் மாட்டினாலும் அது பாட்டுக்குக் கேட்கும் என்று பெண்கள் கேலி செய்வார்கள். சின்னதுரைக்கு அந்தக் காதுதான் தேவைப்பட்டது.

அந்த வெள்ளைக்காரர் கப்பலிலிருந்து இறங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். எங்கோ அச்சடித்த ஒரு புத்தகத்தைப் படித்துப் படித்து அதே தமிழில் பேசுவார். ஒருநாள் களையெடுக்கிற பெண்களைப் பார்த்து, "மாதர்களே, இப்புல்லினை வேரோடு களைவீராக" என்றார். எல்லோரும் லாலான் புல்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். சிரித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. நல்ல மனுஷர், கோபித்துக்கொள்ளவில்லை. அதே காட்டில் ஒரே காலையில் "பிடுங்கு" என்பதை மூன்று விதமாகக் கேட்டாராம். புல்லைப் பிடுங்குவது சரி, வயிற்றை எப்படிப் பிடுங்குவது என்று என்னிடம் கேட்டார். அப்படித்தான் அந்தக் காகிதம் தொடங்கியது.

வியாழக்கிழமை காலையில் களைக்காட்டுக்குப் போனேன். லாலான் பிடுங்குவதில் வெள்ளையம்மாவை மிஞ்ச ஆள் இல்லை. இழுத்தால் வராது, மேலே இருக்கிற புல் கையோடு வந்துவிடும், கீழே கிழங்கு சிரித்துக்கொண்டு கிடக்கும் என்றாள். அடியில் பிடித்து ஆட்டி, அது தளருகிற வரை பொறுத்து, பிறகு எடுக்க வேண்டுமாம். இதைச் சொல்லும்போதே அவள் கை வேலை செய்துகொண்டிருந்தது. நான் எழுதிக்கொண்டேன். பிறகு மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். பல் பிடுங்குவது. நாற்றுப் பிடுங்குவது. கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது. பசி பிடுங்குவது. புளித்த கஞ்சி குடித்தால் வயிற்றைப் பிடுங்குவது. மாமியார் காலையிலிருந்து ராத்திரிவரை ஒரே விஷயத்தைக் கேட்டால் அவள் உயிரைப் பிடுங்குகிறாள். வேலை செய்யாமல் நிற்கிறவனைப் பார்த்துக் கங்காணி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதை நான் எழுதவில்லை. சின்னதுரை அதை எனக்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தார்.

ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியார் ஏரம்பமூர்த்தி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு வரி வரியாகப் படித்தார்.

"ஒண்டு விட்டிட்டீர்" என்றார். "எங்கட ஊரிலை ரெண்டு பேர் சண்டை பிடிச்சால், புடுங்குப்படுகினம் எண்டு சொல்லுவம். அதையும் எழுதும். உதாரணம் வேணுமெண்டால் வெளியிலை தேடத் தேவையில்லை. உம்மட லயத்திலேயே ராசம்மாவும் புஷ்பவள்ளியும் இருக்கினம்."

அதையும் எழுதினேன்.

ராசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அறையிலிருந்து நாலாவது வீடு. புருஷன் காளியப்பன் ரப்பர் மரம் சீவுகிறவர், பேசவே மாட்டார். பேச வேண்டியதையெல்லாம் ராசம்மா பேசிவிடுவாள். பிள்ளை குட்டி இல்லை. அவர்கள் வீட்டு வாசலுக்கு நேரே ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. எங்கள் தோட்டத்தில் அது ஒன்றுதான். செடெனாக் கடைத்தெருவில் கேட்டாலும் கிடைக்காது. அதனால் உலை வைக்கிற நேரத்தில் இருபது வீட்டுப் பெண்களும் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். ராசம்மா இலை கொடுப்பதில் கஞ்சம் பார்க்க மாட்டாள். ஆளுக்கு ஒரு இணுக்கு, கூடவே அரைமணி நேரப் பேச்சு. யார் வீட்டில் என்ன குழம்பு என்று அவளுக்குத் தெரியாமல் இந்த லயத்தில் அடுப்பு எரியாது.

கன்று மட்டும் கொடுக்க மாட்டாள். மரத்தின் அடியில் வேரிலிருந்து சின்னச் சின்னக் கன்றுகள் கிளம்பும். ஒவ்வொன்றிலும் காலிப் பால் டின்னைக் கட்டி, உள்ளே கல் போட்டு வைத்திருந்தாள். யாராவது கை வைத்தால் கலகலவென்று சத்தம் வரும், ராசம்மா விளக்குமாற்றோடு வருவாள்.

கறிவேப்பிலைக் கன்றைக் கேட்டு வாங்கி நட்டால் பிடிக்காது. எங்கள் ஜனங்களுக்கு இது தெரிந்த விஷயம். திருடிக்கொண்டு போய் நட்டால்தான் பிடிக்கும். பறிகொடுத்தவள் வாயாரத் திட்ட வேண்டும், அந்தத் திட்டில்தான் அது தழைக்கும். சொந்தக்காரியே எடுத்து வேறு இடத்தில் வைத்தாலும் வாடிவிடும். ராசம்மா வீட்டுக்குப் பின்னால் மூன்று தடவை வைத்துப் பார்த்து மூன்றும் கருகிப்போயின. இந்த மரமே அவள் ஒன்பது வருஷத்துக்கு முன் பெரிய கிராணியார் வீட்டுத் தோட்டத்திலிருந்து திருடியதுதான். கிராணியார் சம்சாரம் தவமணிதேவி அம்மாள் பின்படிக்கட்டில் நின்று திட்டினாராம். வேலிக்கு இந்தப் பக்கம் முந்தானைக்குள் கன்றை வைத்துக்கொண்டு ராசம்மா முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வந்தாளாம். "அந்தம்மா திட்டத் திட்ட எனக்கு வயிறு குளுந்துச்சு தம்பி" என்பாள். பிற்பாடு அந்த வீட்டுத் தாய்மரம் கரையான் அரித்துப் போய்விட்டது.

புஷ்பவள்ளி பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர், அதுவும் கூரைவரை போகாது. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு கன்று காணாமல் போயிற்று. புஷ்பவள்ளிதான் பிடுங்கினாள் என்று ராசம்மா இரண்டு நாள் திட்டினாள். புஷ்பவள்ளி எடுக்கவில்லை. கோழி கிளறிப் போட்டதை நானே பார்த்தேன், சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு புஷ்பவள்ளி, இனிமேல் அந்த மரத்து இலை என் சட்டியில் விழாது என்று சொல்லிவிட்டாள். விழவும் இல்லை. ஐந்து வருஷமாக அவள் வீட்டில் கறிவேப்பிலை இல்லாத சாம்பார். ராசம்மா தாளிக்கும்போது வாசம் மட்டும் சுவருக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கும். அந்த நேரம் புஷ்பவள்ளி அடுப்படியை விட்டு நகர மாட்டாள்.

வியாழக்கிழமை மாலை நான் ஆபீசிலிருந்து திரும்பியபோது லயத்தின் முன்னால் வெள்ளைப் பெயிண்ட் அடித்த முளைகளை வரிசையாக அடித்திருந்தார்கள். கொசுவை ஒழிக்க சிமெண்ட் வடிகால் வரப்போகிறது, காய்ச்சல் குறையும் என்று சொன்னார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ராசம்மா ஒருத்திதான் முளைகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினேழாவது முளை கறிவேப்பிலை மரத்தின் வேரில் அடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை நான் சின்னதுரையிடம் போய்ச் சொன்னேன். உடனே வந்தார். மட்டக்கோலை வைத்துப் பார்த்தார், குனிந்து பார்த்தார், படுத்தும் பார்த்தார். வடிகாலை இந்தப் பக்கம் தள்ளினால் தண்ணீர் ஓடாது, அந்தப் பக்கம் தள்ளினால் நாலு வீட்டை இடிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மரத்தை எடுத்தே ஆக வேண்டும். அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. மரத்தின் அடியில் நிற்கும் கன்றுகளை எண்ணினார். ஒன்பது. அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா, நீர் வருந்த வேண்டாம்" என்றார் ராசம்மாவிடம். "திங்கட்கிழமை காலையில் இக்கன்றுகளை ஒன்பது இல்லத்தாருக்கு நானே என் கையால் வழங்குவேன்."

ராசம்மா கன்றுகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "தொரை கையால குடுத்தா ஒண்ணுகூடப் பொழைக்காதுங்க" என்றாள்.

அவர் கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு நான் அவரைத் தனியே அழைத்துக்கொண்டு போய் விவரம் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கவனமாக எழுதினார். அப்படியானால் ராசம்மாவே யாரிடமாவது சொல்லித் திருடச் சொல்லலாமே என்று கேட்டார். சொல்லிவிட்டு எடுத்தால் அது திருட்டு இல்லை, கொடுத்தது ஆகிவிடும் என்றேன். வேறு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினால் என்றார். அதுவும் கொடுத்ததுதான் என்றேன். நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, பரீட்சை இதைவிடச் சுலபம் என்றார். ஆனால் அவர் தோட்டத்து மேனேஜரான பெரியதுரையிடம் சொல்லிவிட்டிருந்தார், உத்தரவும் எழுதியாகிவிட்டது. விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டிலேயே வழங்கிவிட வேண்டும்.

சனிக்கிழமை கிராணியார் ஒன்பது பேரைப் பட்டியல் போட்டு வாசித்தார். சண்டையை முடித்து வைக்கலாம் என்று புஷ்பவள்ளி பேரையும் சேர்த்திருந்தார். லயத்தில் அன்று மாலை பெரிய விவாதம். மரம் ராசம்மாவுடையது, துரை அவள் சம்மதம் இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறார், ஆகவே அது ஒருவகையில் திருட்டுக் கணக்கில்தான் சேரும் என்று ஒருவர் சொன்னார். அதற்கு வெள்ளையம்மா, துரை கொடுத்தால் அது தானம், கேட்டு வாங்கினதைவிட மோசம், கன்று வெட்கத்திலேயே செத்துப்போகும் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தத் தோட்டத்தில் கறிவேப்பிலை இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. ராசம்மா அன்று யாரோடும் பேசவில்லை. இலைக்கு வந்தவர்களுக்கு இணுக்கைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காளியப்பன் அண்ணன் என்னிடம், "வீடு ரொம்ப அமைதியா இருக்கு தம்பி, பயமா இருக்கு" என்றார். அவர் என்னிடம் அந்த வருஷத்தில் பேசியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ராசம்மா மரத்தடியில் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பால் டின்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டி வைத்தாள். ஒன்பது டின்னையும் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு நல்ல சேலை கட்டிக்கொண்டு, புருஷனையும் கிளப்பிக்கொண்டு, லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கேட்கும்படி, செடெனாக் கடைக்குப் போகிறேன், நாலு மணிக்கு முன்னால் வர மாட்டேன், வீட்டில் ஒருத்தரும் இல்லை, பூட்டுகூடப் போடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை முளைத்தது. எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள். யாரும் பக்கத்தில் போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இப்படித்தான் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள், பாலத்தடியில் ஒளிந்திருந்து விளக்குமாற்றோடு திரும்பினாள், அன்றைக்கு அடி வாங்கியவள் இன்றும் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகிறாள். இதுவும் பொறிதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். பகல் முழுவதும் அந்த ஒன்பது கன்றும் டின் இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன. ஒரு கோழிகூடக் கிட்டே போகவில்லை.

நாலு மணிக்கு ராசம்மா வந்தாள். வீட்டுக்குள் போகவில்லை, நேரே மரத்துக்கு வந்து எண்ணினாள். ஒருமுறை எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினாள். பிறகு வேரில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போனேன்.

"ஒன்பது வருஷமா எல்லாரையும் கள்ளி கள்ளின்னேன் தம்பி" என்றாள் மெதுவாக. "இன்னிக்குப் பாரு, ஒருத்திக்கும் திருடத் தெரியல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். வாசற்படியில் டின்கள் அப்படியே கிடந்தன. அவள் அவற்றை எடுத்துக் கட்டவில்லை என்பதைக் கவனித்தேன்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எடுங்கள் என்று நான் சொன்னால் அது ராசம்மா சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் விடிந்ததும் துரை வழங்கிவிடுவார். கையில் அந்தக் காகிதம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, "பிடுங்கு"க்கு வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்கிற சாக்கில் புஷ்பவள்ளி வீட்டுக்குப் போனேன்.

அவள் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்றாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"என் பேரையும் பட்டியல்ல போட்டிருக்காராமே கிராணி ஐயா. எனக்கு வேணாம்னு சொல்லிரு."

துரை கொடுத்தால் எப்படியும் பிழைக்காது என்றேன்.

"தெரியும்." அகப்பையை நிறுத்தினாள். "நீ எதுக்கு வந்தேன்னும் தெரியும். அவ நான் புடுங்கினேன்னு சொன்னா. நான் புடுங்கல. இப்பப் போயிப் புடுங்கினா, அஞ்சு வருஷமா அவ சொன்னது நெசமாப் போயிரும்ல?"

கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். டின்கள் ஒன்பதும் வாசற்படியில் கவிழ்ந்து கிடக்கின்றன என்றேன்.

அவள் அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "கழுவி வச்சிருக்காளா, சும்மா போட்டிருக்காளா?"

"சாம்பல் போட்டுக் கழுவியிருக்காங்க அக்கா."

"துருவேறின டின்னையா?"

"ஆமா."

புஷ்பவள்ளி மறுபடியும் கிளற ஆரம்பித்தாள். நான் கிளம்பும்போது, வெள்ளையம்மா வீட்டுக்கு ஒரு எட்டுப் போக வேண்டும், உப்பு தீர்ந்துபோயிற்று என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் உப்புச் சட்டி நிறைய இருந்தது.

பொழுது இறங்கியது. நான் என் அறையில் உட்கார்ந்து யோசித்தேன். நான் பட்டியலில் இல்லை. தனி ஆளுக்குக் கன்று எதற்கு என்று கிராணியார் விட்டுவிட்டார். சரியான கேள்விதான். வாரத்தில் நாலு நாள் நான் சோறு பொங்கி ஊறுகாயோடு முடித்துக்கொள்கிறவன். தாளிக்கிற சட்டிகூட என்னிடம் இல்லை. ஆனாலும் இருபது வீட்டில் ஒருவராவது முதலில் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது. காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றில் மண் போட்டு வைத்துவிட்டு, பேனாக்கத்தியையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

விளக்கேற்றுகிற நேரம். அந்த நேரத்தில் ராசம்மா வீட்டுக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது. இன்றைக்கு நாலு மைல் போய் நாலு மைல் வந்ததில் கால் விட்டுப்போகிறது, தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது, இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்பில் இன்னும் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

ஓரத்தில் நின்ற கன்றைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளையம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இழுக்கவில்லை. சுற்றிலும் கரண்டியால் மண்ணைத் தளர்த்தினேன். தாய்மரத்திலிருந்து வருகிற வேர் விரல் தடிமனில் தட்டுப்பட்டது. அதைக் கத்தியால் அறுத்தேன், கறிவேப்பிலை வாசம் மண்ணுக்குள்ளிருந்து குப்பென்று வந்தது. மண்கட்டியோடு தூக்கித் திரும்பும்போது கரண்டி வாசற்படியில் இருந்த டின் ஒன்றில் பட்டு ணங் என்றது.

உள்ளே காளியப்பன் அண்ணன், வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே எழுவது கேட்டது.

"காத்து" என்றாள் ராசம்மா. "பேசாமப் படுங்க."

நான் கன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். பதினோரு வருஷத்தில் அந்த லயத்தில் நான் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. டின்னில் நட்டு, தண்ணீர் விட்டு, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, காகிதத்தில் பாக்கியிருந்த இடத்தை எழுதி முடித்தேன். வெளியே யாரோ நடக்கிற சத்தம் ஒருமுறை கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் சாட்சி ஆகிவிடுவேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குச் சின்னதுரை லாந்தரோடு மரத்தடிக்கு வந்தார். கூடவே கிராணியார் பட்டியலோடு வந்தார். கன்று ஒன்றுகூட இல்லை. ஒன்பது குழியையும் யாரோ மண் தள்ளி மூடியிருந்தார்கள். ராசம்மா தலைமுடியை அள்ளி முடியாமல் லயத்தின் நடுவில் வந்து நின்று திட்ட ஆரம்பித்தாள். எடுத்தவள் வீட்டுக் குழம்பு தீய வேண்டும், தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்க வேண்டும், ரசம் புளித்துப்போக வேண்டும் என்று ஒவ்வொரு வாசலாக நின்று திட்டினாள். என் அறைவரை வந்தாள். என்னிடம் தாளிக்கிற சட்டி இல்லை என்பது அவளுக்குத் தெரியும், அதனால் என்னை ஊறுகாய் பூசணம் பூக்க என்று திட்டினாள். புஷ்பவள்ளி வாசலில் மட்டும் இரண்டு தடவை திட்டினாள். புஷ்பவள்ளி நகத்தில் மண்ணோடு வெளியே வந்து பதிலுக்குத் திட்டினாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசியது அன்றுதான். கிராணியார் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். சின்னதுரை யார் எடுத்தது என்று கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. நான் காகிதத்தைக் கொடுத்தேன், அவர் என் கைவிரல்களைப் பார்த்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். ஏழரை மணிக்கு ஆறு பேர் மண்வெட்டியும் கயிறுமாக வந்தார்கள். எட்டரைக்குள் மரத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.